சுருதி பிடித்த அப்பா

"மகிழினி என் வில்லைக் கையில எடுத்தாலே அவ அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுறாரு. விருந்தாளி வந்தா மட்டும், 'மாமாவுக்கு வாசிச்சுக் காட்டும்மா'ன்னு குழையறாரு. அந்தப் புள்ளையும் ஓய்ஞ்சு போச்சு, நானும் ஓய்ஞ்சு போனேன். தந்தியை அறுத்துக்கிட்டுப் பரணுக்குப் போயிடறேன்" என்றது வயலின்.

"பத்து நாள் பொறு" என்றது பக்கத்தில் இருந்த மின்சாரச் சுருதிப் பெட்டி.

"ஒரு நாள். அதுக்கு மேல பேசாதே."

மறுநாள் மாலை மகிழினி வாசிக்க உட்கார்ந்ததும் கரண்ட் போனது. டிவியும் அடங்கியது, சுருதியும் அடங்கியது. அவள் வயலினை உறையில் வைக்கப் போனாள். பொழுது போகாத அப்பா, "நான் சுருதி பிடிக்கிறேன், நீ வாசி" என்று பக்கத்தில் உட்கார்ந்து "ம்ம்ம்" என்றார்.

"அப்பா, இது சுருதி இல்ல, தண்ணி மோட்டார்."

சிரித்துக்கொண்டே தந்தியை மீட்டி 'ஸ' எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது முறை அவருக்குப் பிடிபட்டது. சரளி வரிசை முழுவதும் வாசித்தாள்.

கரண்ட் வந்தது. டிவி அலறியது. அப்பா எழுந்து போய் அதை அணைத்தார். சுருதிப் பெட்டியையும் அணைத்துவிட்டு வந்து மறுபடி "ம்ம்ம்" என்றார்.

"என் வேலை போச்சே" என்றது பெட்டி.

"உனக்காவது ஓய்வு. எனக்கு இனி தினமும் சரளி வரிசை" என்று முனகிய வயலின், தந்தியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.