பேர் எழுதாத மனு

பின் பெஞ்சில் மறுபடியும் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தம். கூடவே கிசுகிசுவென்று பேச்சு, அப்புறம் ஒரு சிரிப்பு. முதல் பெஞ்சில் இருந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம்!" என்று எழுந்துவிட்டார். "பின்னாடி ரேடியோ ஆரம்பிச்சிடுச்சு. இப்படி இருந்தா எப்படி மேடம் பாடம் கேக்கிறது?"

ரேடியோ என்பது கூரியர் வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர்.

மேடம் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின் வரிசையை முறைத்தார். பாக்கெட் பெஞ்சுக்கு அடியில் போனது. திரும்பவும் சாக்பீஸை எடுத்தபோது கணக்கை எந்த வரியில் விட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அது மாலைக் கல்லூரி. நாற்பது பேரும் வேலை முடிந்து அரக்கப்பரக்க ஓடி வருகிறவர்கள். நம்மவர் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர். வகுப்பில் எல்லோருக்கும் 'லேப் அண்ணன்'.

புள்ளியியல் பேப்பரில் இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் பதவி உயர்வும் போய், அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன் அவருக்கே மேலதிகாரியாக வந்து உட்காருவான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன சத்தம் போட்டார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டே வந்தார். முன்பக்கத்திலிருந்து பாடம். குறிப்பு பாடத்தை முந்திக்கொண்டு ஓடியது.

"நீங்க பாடத்தைக் கவனிங்களேன். அவங்களை ஏன் கவனிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்டே. அங்க வந்து உக்காந்து பாரு, தெரியும்."

புதன்கிழமை பொறுமை எல்லை தாண்டிவிட்டது. யாருடைய செல்போனோ அடித்தது. லேப் அண்ணன் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த கல்லூரி விதிகளில் ஏழாவதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். யாரோ கொட்டாவி விட்டார்கள். அதற்கு ஒன்பதாவது விதியையும் வாசிக்க வேண்டியிருந்தது. அதற்குள் மணி அடித்துவிட, கணக்கு பலகையில் பாதியிலேயே நின்றது. பாவிகள், இன்றைக்கும் பாடம் போயிற்று!

மறுநாள் ஒரு மனுவோடு வந்தார். 'எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் தினமும் பாடத்தைக் கெடுக்கிறார். அவரால் மற்றவர்கள் படிக்க முடியவில்லை. அவரைக் காலை வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும்.' பேர் மட்டும் எழுதவில்லை. ரேடியோ ஆள் வாட்டசாட்டம். வீண் வம்பை விலைக்கு வாங்குவானேன்?

வேடிக்கை என்னவென்றால், மனுவை முதலில் பிடுங்கிப் படித்தது ரேடியோதான்.

"சூப்பர் அண்ணே! இதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்று முதல் கையெழுத்தையும் போட்டான்.

லேப் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறானே! ஐந்தே நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் துறைத்தலைவரே வகுப்புக்கு வந்தார். "மனுவுல பேர் இல்லை. ஆளுக்கு ஒரு சீட்டு தர்றேன். பேரை எழுதி மடிச்சுக் குடுங்க. யார் என்ன எழுதினீங்கன்னு வெளியே போகாது."

லேப் அண்ணன் ரேடியோவின் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மாலை அவரைத் துறைத்தலைவர் அறைக்கு அழைத்தார்கள். மேஜைமேல் சீட்டுகள் கட்டாக இருந்தன.

"உக்காருங்க. நாளையிலேருந்து அந்த ஆளைக் காலை வகுப்புக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

"கோடி புண்ணியம் சார்!"

"ஒண்ணுதான் யோசனையா இருக்கு. காலையில வேலைக்குப் போற ஆள். வகுப்புக்கு வர முடியலைன்னா இந்த வருஷம் பரீட்சையே எழுத முடியாது. ஒரு தடவை கூப்பிட்டுப் புத்தி சொல்லிப் பாக்கலாமா?"

"அய்யோ, பாவம் பாக்காதீங்க சார். நாங்க பாவம் பாத்துத்தான் இந்தக் கதிக்கு வந்தோம். ஒரு வருஷம் போனாத்தான் அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் உறைக்கும்."

துறைத்தலைவர் பேனாவை எடுத்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

லேப் அண்ணனுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி ஒரு சத்தம் இல்லாமல் பாடம் கேட்கலாம்.

"எல்லாரும் ஒரே பேரைத்தான் எழுதியிருப்பாங்களே சார்?"

"நாப்பது சீட்டுல முப்பத்தொன்பதுல ஒரே பேரு. ஒண்ணே ஒண்ணுலதான் வேற யார் பேரோ இருக்கு."

லேப் அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றதுக்கும் ஒரு ஆளா! யார் சார் அது?"

துறைத்தலைவர் மனுவை விரித்து, அதன்மேல் அந்த ஒற்றைச் சீட்டை வைத்து, அவர் பக்கமாகத் திருப்பினார்.

"மனுவுல இருக்கிற அதே எழுத்து; இது நீங்க எழுதின சீட்டு தம்பி. மத்த எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்கு."