எங்க போட்டீங்க?

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு நடிக்கவே தெரியவில்லை.

கூடத்தில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். இவள் பாட்டுக்கு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. மடியில் கைப்பை வேறு. மேடை ஏறும்போது அதை யாராவது வாங்கி வைத்திருக்கக் கூடாதா?

இருபத்திரண்டு வருஷமாக மேடை ஏறுகிறவன் நான். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'இரண்டு நாற்காலிகள்'. பழைய ஆட்சி போய் மூன்று வருஷம் ஆகிறது, கலையை வைத்து மக்களைப் பேச வைக்கிறார்களாம். ஒரு நாற்காலியில் மகனைப் பறிகொடுத்த தாய். இன்னொன்றில் அவனை அடைத்து வைத்திருந்த முகாமின் காவலாளி. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, பின்னணியில் புல்லாங்குழல். எதிரே, வீட்டிலிருந்து வரும்போதே கைக்குட்டை எடுத்து வந்திருக்கும் கூட்டம்.

முகாமில் காவல் இருந்தவன் எவனாவது இப்படி ஒரு நாற்காலியில் வந்து உட்காருவானா? ஒருத்தனும் வரவில்லை. அதனால் காவலாளியாக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. நடிகர்கள் மத்தியில் அவருக்குச் 'சமாதானம் மேடம்' என்று பெயர். தாயாக வருவதும் நடிகைதான், இதை வெளியே சொல்ல வேண்டாம், நீங்கள் இருவரும் உருக்கமாகச் செய்தால் நிஜமானவர்கள் தாமாக வருவார்கள் என்றார். ஒத்திகை வைத்தால் இயல்பு கெட்டுவிடுமாம். எதிரே யார் என்பதையே மேடையில்தான் பார்த்தேன்.

கேட்கும்போதே இது பித்தலாட்டம் என்று தெரிந்தது. நாலு மாதமாக வேலையில்லாதவன் அதை எல்லாம் பார்த்தால் முடியுமா? சரி என்றேன்.

எழுதிக் கொடுத்திருந்தபடி இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அழவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"எங்க போட்டீங்க?"

இப்படி ஒரு வசனமே கிடையாது. மறந்துவிட்டு உளறுகிறாள் என்று நினைத்தேன். வசனம் மறந்தவர்களைத் தூக்கி நிறுத்தியே என் பாதி ஆயுசு போய்விட்டது.

குரலை உடைத்தேன். முகாமுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி என்றேன். மண் இறுகிக் கிடந்தது, இரண்டடிக்கு மேல் தோண்ட முடியவில்லை என்றேன். எதுவும் வந்து கிளறக் கூடாதே என்று தட்டைக் கல் ஒன்றை நான்தான் தூக்கி வைத்தேன் என்றேன். வைக்கும்போது நசுங்கியது என்று கட்டைவிரலையும் காட்டினேன். நகம் நிஜமாகவே கறுத்திருந்தது. ஒரு பொய் மேடையில் நிற்க வேண்டுமானால் அதற்குள் கொஞ்சம் நிஜம் இருக்க வேண்டும், அது எங்கள் தொழில் ரகசியம்.

கூடமே விம்மியது. யாரோ சத்தமாக மூக்கைச் சிந்தினார்கள்.

அவள் மட்டும் அழாமல், கடைக்குப் போக வழி கேட்டுக்கொள்கிறவள் மாதிரி, நான் சொன்னதை எல்லாம் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பரவாயில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்கிறாளே என்று தோன்றியது.

முடிந்ததும் உள்ளே போய் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சமாதானம் மேடம் மூச்சிரைக்க ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வந்திருந்த விருந்தினர்கள் உருகிப் போய்விட்டார்களாம். இன்னும் நாலு ஊரில் போடச் சொல்கிறார்களாம்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். தாயாக வரவேண்டிய நடிகைக்குக் காலையில் காய்ச்சலாம். கடைசி நேரத்தில் நிஜமாகவே மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டமாம். முன்னாலேயே தெரிந்தால் நான் தடுமாறுவேன் என்றுதான் சொல்லவில்லையாம்.

நான் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

தெரிந்தால் வந்திருப்பாரா என்றார் மேடம். அந்த அம்மாவின் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது பாருங்கள் என்றார். சிரித்த முகமாகவே சொன்னார்.

காறித் துப்பலாம் போல இருந்தது. கண்ணாடியில், பாதி துடைத்தும் துடைக்காமலும் என் மூஞ்சி தெரிந்தது. அதைப் பார்த்தபோது இன்னும் அருவருப்பாக இருந்தது.

அந்த அம்மா பின்வாசலில் நின்றிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வெறும் நடிகன், அந்த முகாமை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். மருமகன் வண்டி பிடிக்கப் போயிருக்கிறாராம், நேரே முகாமுக்குத்தான் போகிறார்களாம். ஒன்பது வருஷமாக எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறாராம், வாயைத் திறந்து பதில் சொன்ன முதல் ஆள் நான்தானாம். என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வந்தாராம், இப்போது வாய் வரவில்லையாம்.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, அப்படியே வெறும் மண்ணுலயா வச்சீங்க? ஏதாச்சும் சுத்தினீங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பச்சைப் போர்வையில் தலையோடு கால் நன்றாகச் சுற்றித்தான் வைத்தேன் அம்மா என்றேன். குரல் உடைந்தது. இந்த முறை நான் உடைக்கவில்லை.

அவர் அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, நல்லா இருப்பா என்றார்.

போர்வை பொய்யில்லை. போன மாதம் எங்கள் வீட்டு நாய் செத்தபோது, அதில் சுற்றித்தான் புதைத்தேன்.