சுந்தரேஷ் சாரின் லிஃப்ட்

“சுந்தரேஷ் சார் மாதிரி ஒரு மனுஷர் இந்தக் கிட்வாய் நகர்லயே கிடையாது. நீ மட்டும் ஏன் ருக்மிணி அவர் கார்ல ஏறவே மாட்டேங்கறே?” என்று கேட்டாள் ஜலஜா.

“எனக்குக் குர்கான்ல ஒரு வேலையும் இல்லை மாமி” என்றாள் எதிர்வீட்டு ருக்மிணி, கீரை ஆய்ந்துகொண்டே.

திமிர் என்று நினைத்துக்கொண்டாள் ஜலஜா. ருக்மிணியிடமும் ஒரு பழைய மாருதி இருக்கிறது. ஒருநாள், ஒரு பொழுது, ‘ஏறிக்கோங்கோ மாமி’ என்று சொன்னதில்லை.

சுந்தரேஷும் இருபது வருஷமாக யாரையும் ஸ்கூட்டரின் பின்சீட்டில்கூட ஏற்றாதவர்தான். ஆனால் போன வருஷம், ஊர் திரும்பிய ஒரு தூதரகத்துக்காரரிடமிருந்து ஜெர்மன் டீசல் கார் ஒன்றை வாங்கியதிலிருந்து ஆளே மாறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் கதவு கதவாகத் தட்டுவார்.

“குர்கான் போகணுமா? ஃபரீதாபாத்? ஏர்போர்ட்? கூச்சப்படாம சொல்லுங்கோ.”

ஜலஜாவின் பெண் மது இருப்பது ஊருக்கு வெளியே, குர்கானில். பஸ்ஸில் போனால் இடுப்பு ஒடியும். போன மாதம் சுந்தரேஷ்தான் அழைத்துப் போனார். ஏறி உட்கார்ந்ததும் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தாள்.

“அது என்ன சார்?”

“சைலன்ஸர் பக்கம் ஒரு ஃபில்டர் இருக்கு மாமி. புகையில வர்ற கரியையெல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். நான் லோதி ரோடு ஆபீசுக்கு தினம் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டறேன். இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடறது. கரி எரியாம அடைச்சுக்கறது. ஹைவேல இருபது நிமிஷம் எண்பதுல விரட்டினாத்தான் எரிஞ்சு சுத்தமாகும், விளக்கும் அணையும்.”

“இல்லேன்னா?”

“புது ஃபில்டர் போடணும். ஜெர்மனியிலேர்ந்து வரணும். வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்.”

எவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறது என்று வியந்தாள் ஜலஜா. மதுவின் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. கார் திரும்பவில்லை.

“சார், மது வீடு...”

“இதோ மாமி, பத்தே நிமிஷம்.”

குர்கானையே விட்டு, மனேசரும் தாண்டித்தான் விளக்கு அணைந்தது. சுந்தரேஷ் வாய் நிறையச் சிரித்தார். வண்டியைத் திருப்பினார். மது பசியோடு வாசலில் நின்றிருந்தாள்.

“பேசிண்டே வந்ததுல தூரமே தெரியலைடி” என்றாள் ஜலஜா.

டிசம்பரில் காலனி அசோசியேஷன் கூடி, பொங்கல் விழாவில் சுந்தரேஷுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானித்தது. முன்மொழிந்தவள் ஜலஜா. கை தூக்காதவள் ருக்மிணி ஒருத்திதான்.

ஜனவரி முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மூடுபனியில் எதிர் பிளாக் தெரியவில்லை. ஜலஜாவின் கணவர் சுப்பு, பாதி ஷேவிங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

ஆம்புலன்ஸ் நம்பரில் யாரும் எடுக்கவில்லை. ஜலஜா செருப்புகூட இல்லாமல் சுந்தரேஷ் வீட்டுக்கு ஓடினாள்.

சுந்தரேஷ் உடனே வந்தார். குரங்குக் குல்லாவும் மஃப்ளரும், கையில் சாவியுமாக.

“பயப்படாதீங்கோ மாமி, நான் இருக்கேன். எங்கே போகணும்?”

“இதோ, மெயின் ரோடுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி...”

காரின் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“அவ்வளவு கிட்டவா?”

“சார்?”

“நேத்திக்குத்தான் மாமி விளக்கு அணைஞ்சது. இந்தக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணி, ஒரு கிலோமீட்டர்ல கொண்டுபோய் நிறுத்தினா மறுபடியும் அடைச்சுக்கும். குர்கான்ல அருமையான ஆஸ்பத்திரி இருக்கு. அங்கேன்னா சொல்லுங்கோ, இப்பவே எடுக்கறேன்.”

ஜலஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரோடு ருக்மிணி, மாருதியை ஜலஜா வீட்டு வாசல்வரை ரிவர்ஸில் கொண்டுவந்துவிட்டாள்.

“மாமி, வாங்கோ! மாமாவை நீங்க அந்தப் பக்கம் பிடிங்கோ!”

இருவருமாக சுப்புவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள்.

“பார்த்து எடும்மா, என் பம்பர்!” என்றார் சுந்தரேஷ்.

நாலு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. சுப்புவை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். “பிழைச்சுட்டார். அரைமணி தாமதமா வந்திருந்தா...” என்றார்.

ஜலஜா, ருக்மிணியின் கையை விடவே இல்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“என் பையன் கையை ஒடிச்சுண்டு கதறினப்போ, ஃபரீதாபாத்துல நல்ல எலும்பு டாக்டர் இருக்கார், அங்கேன்னா வரேன்னார். அதுக்கப்புறம்தான் நான் கார் ஓட்டக் கத்துண்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பேளா? இருங்கோ, டீ வாங்கிண்டு வரேன்.”

நாலாம் நாள், அசோசியேஷன் செயலாளர் விஜயலக்ஷ்மி ஆப்பிள் பையோடு சுப்புவைப் பார்க்க வந்தாள். விசாரிப்பெல்லாம் முடிந்ததும், ஜலஜாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சுந்தரேஷ் சாருக்குப் பொன்னாடையோட ஒரு கேடயமும் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம் மாமி. குர்கான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிண்டு போறேன்னு அந்தக் குளிர்ல சாவியும் கையுமா நின்னாராமே... நீங்கதான் கேக்காம ருக்மிணியோட ஓட்டை வண்டியில ஏறிட்டேளாம்!”