அப்பன் யார்?

“அப்பன் யாருன்னு தெரியாம இந்தக் கல்யாணம் நடக்காது!” பெண்ணின் அப்பா மேசையைத் தட்டினார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் காத்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

ஆய்வுக்கூட அதிகாரி அம்மாள் அசரவில்லை. மேசை மேல் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து, உள்ளே இருந்த களைச்செடியை எடுத்து வைத்தார்.

“இதுக்குத்தானே சார் அப்பா யாருன்னு கேக்கறீங்க?”

“ஆமா மேடம். களைக்கொல்லி மூணு தடவை அடிச்சாச்சு. குளிச்சுட்டு வந்த மாதிரி பளபளன்னு நிக்குது! பக்கத்து வயல் இவரோடது. அங்க இருக்கற களையோட மகரந்தம் காத்துல வந்து என் வயல் களையைக் கெடுத்துடுச்சு.”

பக்கத்து வயல்காரர்தான் பையனின் அப்பா. வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தி ஆகப்போகிறவர். “எங்க மகரந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க!” என்று எழுந்தே விட்டார்.

“களையையே அடக்கத் தெரியாத குடும்பத்துல பொண்ணைக் குடுக்க மாட்டேன். செடியோ மனுஷனோ, குணம் ரத்தத்துல வர்றது.”

“சரி, செடிக்கு என்ன தீர்ப்போ, வீட்டுக்கும் அதே தீர்ப்பு. ரிப்போர்ட்டைப் படிங்க மேடம்!” என்றார் பையனின் அப்பா.

பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மருந்துக்குச் சாகாத இந்தக் குணம் மகரந்தத்துல வரவே வராது. அப்பன் யாரா இருந்தாலும் ஒண்ணுதான். தாய்ச்செடிகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும். அந்தத் தாய் உங்க வயல்லயே இருந்திருக்கு சார். வருஷாவருஷம் ஒரே மருந்தை அடிச்சீங்க. மத்ததெல்லாம் செத்துச்சு. அது மட்டும் நின்னு குடும்பத்தைப் பெருக்கிடுச்சு.”

“பாத்தீங்களா! எங்க பக்கம் சுத்தம்!” பையனின் அப்பா கை தட்டினார்.

பெண்ணின் அப்பா விடுவதாக இல்லை. “மேடம், இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்து...”

“போதும்.” அதுவரை வாயே திறக்காத பெண்ணின் அம்மா எழுந்தார். “சம்பந்திகிட்ட மன்னிப்புக் கேளுங்க. செடியைப் பையில போடுங்க.”

இரண்டையும் பெண்ணின் அப்பா வரிசை மாறாமல் செய்தார்.

“வண்டிச் சாவியைக் குடுங்கப்பா, நான் ஓட்டறேன்” என்றாள் பெண். குரல் அச்சு அசல் அம்மாவுடையது. மறுபேச்சில்லாமல் சாவியும் கை மாறியது.

பையனின் அப்பா கைதட்டலை நிறுத்தினார். தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், அம்மா வழின்னா... எத்தனை பங்கு பிள்ளைக்கு வரும்?”

“நூத்துக்கு நூறு.”

வீட்டில் இருக்கும் மகனின் அப்பாவி முகம் அவர் கண்முன் வந்து நின்றது. மெல்லப் பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி, நீங்க சொன்னதுதான் சரி. கல்யாணத்தை நிறுத்திடலாம்.”