இரண்டரை அங்குல ஆணி

விடியும்போதே லாரி வந்துவிட்டது. பக்கப் பலகைகளை எல்லாம் கழற்றி எறிந்திருந்தார்கள். வெறும் மரச் சட்டங்களோடு எலும்புக்கூடு மாதிரி நின்றது. முகப்புக்கு மட்டும் புதிதாகச் சாம்பல் நிறம் அடித்திருந்தது. நம்பர் பிளேட் இல்லை.

மருதாசலம் பட்டறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். ராசிபுரம் சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. அது போக, வெண்ணந்தூரில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம், வடக்கே போனால் மூன்று மாதம் கழித்துத் திரும்பும் ஒரு பழைய லாரி, எதையும் எதிர்த்துக் கேட்காத மனைவி பாவாயி. அவளிடம், பட்டறைக்கு இன்று லீவு, மரம் எடுக்கச் சேலம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி கிளம்பியாவணுமுங்கண்ணா. பெத்தவனே பாத்தாலும் அடையாளம் தெரியக் கூடாது" என்றான், லாரியைக் கொண்டுவந்த சென்னிமலை.

"வண்டி எந்த ஊருதுங்க?" என்று ஆரம்பித்தார் தச்சர் செபஸ்தியான்.

"கேக்காதே" என்றார் மருதாசலம். "இந்த மாதிரி வண்டியில நான் ஊரும் கேக்கறதில்ல, எஞ்சின் நம்பரும் பாக்கறதில்ல. தெரியாதவனைப் போலீசு என்ன பண்ணும்?"

இதற்கு முன் இரண்டு வண்டிகள் இப்படி வந்து போயிருந்தன. இரண்டும் நல்லபடியாகவே போயின.

செபஸ்தியான் சுத்தியலை எடுத்தார்.

"அதைக் கீழ வை. லீவு உட்ட பட்டறையில சுத்தியல் சத்தம் கேட்டா ரோட்ல போறவனெல்லாம் எட்டிப் பாப்பான்."

செபஸ்தியான் சாக்குப் பையைப் பிரித்தார். உள்ளே காற்றில் ஆணி அடிக்கும் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசரில் குழாயைச் செருகினால் போதும். கம்ப்ரசர் சத்தத்தைப் பக்கத்து நெல் மிஷின் விழுங்கிவிடும்.

சின்னத் துப்பாக்கி 'டிக்' என்றது. குண்டூசி போன்ற ஆணிகள். அது அடித்த பலகையை மருதாசலம் ஒரு கையால் இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

பெரியது 'டப்' என்றது. பலகை அசையவில்லை.

"சின்னதே போதுமுங்கண்ணா, சத்தமில்ல" என்றான் சென்னிமலை. "நாலு நாள் தாங்குனாச் சரி. வித்துப்போட்டா அப்புறம் ஆரு கேக்கறா?"

மருதாசலத்துக்குக் கோபம் வந்தது. "திருட்டு வண்டின்னா ஆணி புடிக்க வேண்டாமா? என்ற பட்டறையில அடிச்ச பலகை இன்னிக்கி வரைக்கும் ரோட்ல உழுந்ததில்ல."

"வண்டியில உங்க பேரை எழுதியா அனுப்பப் போறீங்க மொதலாளி?" என்றார் செபஸ்தியான்.

"எழுதாட்டி என்ன? எனக்குத் தெரியுமில்ல."

பலகை ஒரு அங்குலக் கனம். அதனால் ஆணி இரண்டரை அங்குலம் இருக்க வேண்டும் என்றார். வழுவழுப்பான ஆணி வண்டி குலுங்கக் குலுங்க வெளியே வந்துவிடும். உடம்பெல்லாம் வரி ஓடிய ஆணிதான் மரத்தைக் கவ்வும் என்றார். ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஆணி, ஒரே கோட்டில் அடித்தால் மரம் பிளக்கும், முன்பின்னாக அடி என்றார். முடிச்சு விழுந்த பலகைகளை அவரே பொறுக்கி ஓரம் தள்ளினார்.

பதினொரு மணிக்குச் சாலையில் போலீஸ் ஜீப் ஒன்று மெதுவாகப் போயிற்று.

ஒரு மணிக்கு அதே ஜீப் வாசலில் நின்றது. யாரோ கதவை மூன்று முறை தட்டினார்கள். செபஸ்தியான் துப்பாக்கியைத் தூக்கியபடியே நின்றார். சென்னிமலை வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான். மருதாசலத்தின் வேட்டி நனைந்தது. வியர்வை என்று அவர் பிறகு சொன்னார்.

ஜீப் போய்விட்டது.

நாலு மணிக்குச் சென்னிமலை ஓட்ட, நீலப் பெயிண்ட் அடித்த லாரி ஒன்று புத்தம் புதிதாகப் பட்டறையை விட்டு வெளியேறியது. செபஸ்தியான் சாக்குப் பையோடு பின்வாசல் வழியே நடையைக் கட்டினார்.

கால் மணி நேரத்தில் ஜீப் மறுபடியும் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து மூணாவது தடவையா வர்றேன். சேலம் போயிட்டீங்கன்னு உங்க சம்சாரம் சொன்னாங்க."

"இப்பத்தானுங்க வந்தேன்."

"அவங்கதான் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தது."

மருதாசலம் தரையில் சிதறிக் கிடந்த ஆணிகளைக் காலால் ஓரம் தள்ளினார். எதையும் எதிர்த்துக் கேட்காத பாவாயி!

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "லாரி திருடறவன். பேரு சென்னிமலை. தெரியுமா?"

"தெரியாதுங்க. இந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. இந்தப் பக்கம் ஏதாவது வண்டியோட வந்தானா?"

"வந்திருந்தா மொத ஆளா நானே புடிச்சுக் குடுத்திருப்பனுங்க. இவனெல்லாம் மனுசனுங்களா?"

இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, நீங்க முதல்ல வீட்டுக்குப் போய் அவங்களுக்கு ஆறுதல் சொல்லுங்க. காலையில அந்த ட்ரங்க் கால் வந்ததிலேருந்து அழுதுகிட்டே இருக்காங்க. டிரைவர் பயந்துகிட்டு ரெண்டு நாள் சொல்லாம மறைச்சிருக்கான்."

வாசலில் நின்று திரும்பினார்.

"முந்தாநாள் தொப்பூர்ல அந்தச் சென்னிமலை ஓட்டிட்டுப் போனது உங்க லாரிங்க."