ஆறு கெஜம்

வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிழிசல் உள்பக்கம் போயிற்று.

ஜப்பான்காரன் போய் இரண்டு மாதம். மலாயாவின் அந்த ரப்பர் தோட்டத்துக்கு இப்போதுதான் துணி வந்திருந்தது. குடும்பத்துக்கு ஒரு துண்டு. ஆறு கெஜம்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன அவள் புருஷன் திரும்பவில்லை. வீட்டில் அவளும் நாத்தனார் தெய்வானையும். இருவருக்கும் ஒரே சேலை. ஒரு நாள் அவளுக்கு, மறுநாள் தெய்வானைக்கு. சேலை இல்லாதவள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள்.

இன்று தெய்வானையின் முறை. காலையில் அவள்தான் சேலையை எடுத்து நீட்டினாள்.

“நீங்க கட்டிக்கிட்டுப் போங்க அண்ணி. ஆபீஸ்ல பேச உங்களுக்குத்தான் வரும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

திரும்பினாள்.

பட்டப்பகலில் தெய்வானை வந்துகொண்டிருந்தாள். மார்பிலிருந்து முழங்கால்வரை கோணி. சாக்கின் விளிம்பு உரசிய இடமெல்லாம் தோல் சிவந்திருந்தது. துணியைக் கண்ணால் பார்க்காமல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை போலும்.

நேராக வந்து பக்கத்தில் நின்றாள். அதற்குள் முன்னால் இருந்தவள் துணி வாங்கிக்கொண்டு நகர்ந்திருந்தாள்.

பெயர் எழுதித் துணி கொடுத்த கிராணி தோட்டத்துக்குப் புதிது. வெள்ளைச் சட்டை. பேனாவை நிறுத்தி நிமிர்ந்தான்.

“இது யாரு? உன் வீட்டு ஆளா?”

எல்லாரும் பார்த்தார்கள்.

“இல்லீங்க. யாருன்னு தெரியாது.”

அவள் குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது.

தெய்வானை ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

கிராணி அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தான். பிறகு தெய்வானையின் பெயரைத் தனியாக எழுதி, இன்னொரு துண்டு.

ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும் தெய்வானை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

“எப்படி அண்ணி அந்த நேரத்துல தோணுச்சு? நானா இருந்தா உளறிக் கொட்டியிருப்பேன்.”

அவள் நடந்தாள்.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தெய்வானை அதைச் சொன்னாள். ஒருத்தி நின்று, அண்ணியை மேலும் கீழும் பார்த்து, கெட்டிக்காரிதான் என்றாள்.

வீட்டில் இரண்டு துண்டையும் பாயில் விரித்தாள் தெய்வானை. ஒன்று நீலம். மற்றது சாயமே இல்லாத பழுப்பு.

“நீலம் உங்களுக்கு. நீங்க சம்பாதிச்சது.”

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“தெரியாதுன்னு துணிக்காகச் சொல்லல, தெய்வானை.”

தெய்வானை சிரித்தாள். நீலத்தை நீட்டியபடியே கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது.

கை மெல்ல இறங்கியது. நழுவியிருந்த சாக்கை மார்புக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.