பதிவேட்டில் விழாத டிக்

பள்ளி விட்டபின் நடக்கும் மாலை வகுப்புக்குப் புதிதாக வந்த டேப்லெட், "எனக்கு நூறு வேலை தெரியும். பாட்டு எழுதுவேன், படம் போடுவேன்…" என்று ஆரம்பித்தது.

"நிறுத்து! இங்க என்ன வேலை ஆகணும்னு கேட்டியா?" என்று சீறியது வருகைப் பதிவேடு. "லிப்சா நாலு நாளா வரல. அவ அம்மாவுக்கு டீச்சர் மூணு கடிதம் அனுப்பிட்டாங்க. மூணும் தமிழ்ல. அந்தம்மா ஒடிசாக்காரங்க, ஒடியா மொழிதான் படிக்கத் தெரியும்."

"அதை வச்சு ஒரு கவிதை…"

"கவிதையும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்! கடிதத்தை ஒடியாவில எழுது. அதுவரைக்கும் நீ எனக்கு வெறும் பலகைதான்."

டேப்லெட் எழுதியது. டீச்சர் அனுப்பினார். மறுநாள் லிப்சாவின் பெயருக்கு நேரே டிக் விழுந்தது.

"மீதி தொண்ணூற்றொன்பது வேலையையும் காட்டட்டுமா?"

பதிவேடு அடுத்த வரியைக் காட்டியது.

"சூரஜ் ஒரு வாரமா வரல. அவன் வீட்டுக்கு இந்தியில எழுது."